ஆபரேஷன் முடிந்த நாய்க்குப் புதுக் கட்டி... எல்லாமே புற்றுதானா?

கல்வராயன் மலையில் நாய் என்பது வாசலில் படுத்துக்கிடக்கும் செல்லப்பிராணி மட்டுமல்ல. குச்சிக்கிழங்குக் கொல்லைக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான். ஆட்டுப் பட்டியில் ராத்திரிக் காவலும் அதற்குத்தான். வெள்ளிமலைக் கிராமங்களில் மட்டுமல்ல, கீழே கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் காட்டுக்கொட்டாய்களிலும் நாய் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது.

அப்படிப்பட்ட நாய்க்கு உடம்பில் கட்டி வருகிறது. கைமாற்று வாங்கி, லோடு ஆட்டோ பிடித்து, மலையிறங்கி ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. 'புற்றுக் கட்டிதான், முழுசாக எடுத்தாச்சு' என்று டாக்டர் சொன்னதும் வீட்டுக்கு நிம்மதி. நாலு மாதம் கழித்து, சோறு வைத்துவிட்டு முதுகைத் தடவும்போது விலாவில் இன்னொரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வாரம் போனால் இன்னொன்று.

இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு விதமான முடிவுதான் எடுக்கிறார்கள். ஒன்று, 'அவ்வளவுதான், உடம்பு முழுக்கப் பரவிடுச்சு, இனிமே செலவு பண்ணி என்ன ஆகப்போகுது' என்று கைவிடுவது. இன்னொன்று, 'சின்னதுதானே, பார்த்துக்கலாம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது. காப்பாற்றியிருக்கக்கூடிய நாய்கள் போவது இந்த இரண்டு வழியிலும்தான். ஏனென்றால், புற்றுநோய் வந்த நாயின் உடம்பில் முளைக்கும் எல்லாக் கட்டியும் புற்று கிடையாது. அதே நேரம், தொட்டுப் பார்த்தே 'இது புற்று இல்லை' என்று சொல்லிவிடவும் யாராலும் முடியாது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவரால்கூட முடியாது.

தையல் போட்ட இடத்தில் வீக்கம்

முதலில் கேட்க வேண்டியது, கட்டி எப்போது வந்தது, எங்கே வந்தது என்பதுதான்.

ஆபரேஷன் முடிந்த சில நாள்களிலேயே தையலுக்குக் கீழே மெத்தென்று, தண்ணீர்ப் பை போல வீங்கினால், அது பெரும்பாலும் நிணநீர் சேர்ந்த வீக்கம். கட்டியை எடுத்த இடத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகும். நாய் கட்டுக்கு அடங்காமல் ஓடியாடினால் அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். சூடு இருக்காது, தொட்டால் வலியும் அதிகம் இருக்காது. நாயைக் கட்டிப்போட்டு ஓய்வு கொடுத்தால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி நீரை வெளியேற்றுகிறேன் என்று வீட்டில் யாரும் இறங்கக்கூடாது. சுத்தமான நீருக்குள் கிருமி போய்ச் சீழாக மாற அது ஒன்றே போதும்.

வீக்கம் சிவந்து, சுட்டு, தொட்டால் நாய் கடிக்க வந்தால், துர்நாற்றம் அடித்தால், அது சீழ். உடனே காட்ட வேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை ஈ. தையல் பிரிந்த சின்ன இடைவெளி கிடைத்தாலும் ஈ முட்டை வைத்துவிடும். ஓரிரு நாளில் புழுப்புண். நாய் ஓயாமல் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால், ரோமத்தை விலக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

தையலை வழக்கமாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். ஆனால் உள்ளே போட்ட தையல் நூல் தானாகக் கரைவது. அந்த முடிச்சுகள், தழும்பை ஒட்டி வரிசையாக, கடுகு அல்லது பச்சைப்பயறு அளவுக்குக் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும். போகப்போகச் சின்னதாக வேண்டும், அதுதான் கணக்கு. தழும்பின் மேலோ ஓரத்திலோ இருக்கும் முண்டு நாளாக ஆகப் பெரிதானால் அது முடிச்சு அல்ல. அந்த இடத்திலேயே கட்டி மீண்டும் வேர் விட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும்.

உண்ணியா, ஆமணக்கா?

தழும்புக்குத் தூரத்தில், உடம்பின் வேறு பகுதியில் வரும் கட்டிகளில் ஏராளமான ரகம் உண்டு. காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒன்று இருந்தால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி, அசல் ஆமணக்கு விதை போலவே இருக்கும். இந்த ஒற்றுமை நம் விவசாயிகளுக்கு மட்டும் தெரிந்ததல்ல. பழைய லத்தீன் மொழியில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் 'ரிசினஸ்' என்று ஒரே பெயர். ஆமணக்கின் தாவரவியல் பெயரில் இன்றைக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்ணியைப் பிடுங்கிய பிறகும் அந்த இடத்தில் ஒரு சின்ன முண்டு சில வாரங்களுக்கு இருக்கலாம். அதுவும் புற்று அல்ல.

மலைக்காட்டில் திரியும் நாய்க்கு முள் ஏறுவது சகஜம். பன்றி குத்திய காயம் மேலே ஆறிவிட்டு உள்ளே சீழ் பிடித்து நிற்பதும் உண்டு. தடுப்பூசி போட்ட இடத்தில் சில நாள் வீக்கம் இருக்கும். வயதான, சதை போட்ட நாய்களுக்கு விலாவிலும் வயிற்றிலும் கொழுப்புக் கட்டி வரும். விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். காலிஃப்ளவர் துண்டு போன்ற மரு, வயதான நாயின் தலையிலும் கண் இமையிலும் வரும். இளம் நாய்க்கு முகத்திலோ காலிலோ சிவப்புப் பொத்தான் மாதிரி திடீரென ஒரு கட்டி முளைத்து, இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே உதிர்ந்துபோகும் வகையும் இருக்கிறது.

சில ஆண்டுகளாக மாடுகளைப் படுத்தும் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோயைப் பார்த்துப் பயந்தவர்கள், நாய்க்கும் அதுதான் தொற்றிவிட்டதோ என்று கேட்பதுண்டு. அது மாட்டுக்கும் எருமைக்கும் வரும் நோய். நாய்க்கு உடம்பில் முண்டு முண்டாக இருந்தால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

முதல் கட்டியின் பெயர் என்ன?

புதுக் கட்டியைப் பற்றி முடிவெடுக்க, பழைய கட்டியின் ஜாதகம் வேண்டும். 'கேன்சர் கட்டி' என்ற ஒரு சொல் மட்டும் போதாது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா, என்ன பெயர் சொன்னார்கள், ஓரம் சுத்தமாக இருந்ததா என்பதெல்லாம் திசு பரிசோதனை அறிக்கையில் இருக்கும். எடுத்த துண்டின் விளிம்பு வரை புற்று செல்கள் இருந்தால், வேர் உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். பல வீடுகளில் அந்தக் காகிதமே இருப்பதில்லை. பரிசோதனைக்கு அனுப்பாமலே கட்டியைக் குப்பையில் போட்டுவிட்ட கதையும் நடக்கிறது. செலவு கூடுதல்தான். ஆனாலும் ஆபரேஷனுக்குச் செலவழித்துவிட்டு இதை மிச்சம் பிடிப்பது, கிணறு வெட்டியவர் மோட்டாருக்கு யோசித்த மாதிரி.

பெயர் தெரிந்தால் என்ன மாறும்? நிறைய மாறும்.

பெட்டை நாய்களுக்கு அதிகம் வருவது பால்மடிக் கட்டி. நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடிக் காம்புகள். ஒரு மடியில் கட்டி வந்து எடுத்த பிறகு, மற்ற மடிகளில் புதிதாக வருவது வெகு சகஜம். அது பரவியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தனியாக முளைத்த வேறு கட்டியாகவும் இருக்கலாம். மடிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் கெட்ட வகை. அதிலும் 3 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு நெல்லிக்காய் அளவுக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நாய் நெடுநாள் வாழும் வாய்ப்பு நன்றாகவே கூடும். எலுமிச்சை அளவைத் தாண்டவிட்டால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து ஏறும்.

இந்த நோயைத் தடுக்கும் வழி, குட்டியாக இருக்கும்போதே கருத்தடை செய்வது. 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே சொன்னது. கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயம் 100 என்றால், முதல் முறை பருவத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்த நாய்க்கு அது 0.5. ஒரு பருவம் கடந்த பிறகு செய்தால் 8, இரண்டு பருவம் கடந்தால் 26. இந்த எண்களைப் பற்றிப் பின்னாளில் வாதங்கள் வந்தாலும், சீக்கிரம் செய்த கருத்தடை பாதுகாக்கிறது என்பதைத்தான் இன்றும் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது, மாஸ்ட் செல் கட்டி. தோல் கட்டிகளில் பெரிய வேஷக்காரன் இதுதான். மரு போலவும் இருக்கும், கொழுப்புக் கட்டி போலவும் இருக்கும், பூச்சி கடித்த தடிப்பு போலவும் இருக்கும். காலையில் பெரிதாகவும் சாயங்காலம் சின்னதாகவும் தெரியும். அழுத்தித் தடவினால் சுற்றியுள்ள தோல் சிவந்து தடிக்கும். உள்ளே இருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாவதால்தான் இப்படி. அதே பொருள் இரைப்பையில் அமிலத்தைத் தூண்டிப் புண்ணாக்கும். நாய் வாந்தி எடுக்கும், தார் போலக் கறுப்பாக மலம் கழிக்கும். இந்தக் கட்டியைப் பிசைந்து பிசைந்து பார்க்கவே கூடாது.

மாஸ்ட் செல் கட்டி வந்த நாய்க்கு, உடம்பின் வேறோர் இடத்தில் இன்னொன்று வரக்கூடும். ஆனால் பல நேரங்களில் அது பழைய கட்டியின் பரவல் அல்ல. தனியாகப் பிறந்த புதிய கட்டி. அதையும் சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் நாய் பிழைத்துக்கொள்ளும். 'இரண்டாவது கட்டி வந்தால் கதை முடிந்தது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

தசை, நார்த் திசுவில் வரும் சார்கோமா வகைக் கட்டிகள் நேர் எதிர். இவற்றில் பல ரகங்கள் தூரத்துக்குப் பரவுவது குறைவு. ஆனால் அறுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப முளைக்கும். கோரைக் கிழங்கு மாதிரி. மேலே தெரிவதை மட்டும் எடுத்தால் கீழே இருப்பது மறுபடி தலை தூக்கும். அதனால்தான் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக எடுக்கிறார்கள். 'இத்துனூண்டு கட்டிக்கு இவ்வளவு பெரிய தையலா' என்று டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வெள்ளை ராஜபாளையம் போல, வெளுத்த ரோமமும் இளஞ்சிவப்புத் தோலும் உள்ள நாய்களுக்கு வெயிலால் தோல் புற்று வரும் வாய்ப்பு அதிகம். மூக்கு நுனியிலும், ரோமம் குறைந்த அடிவயிற்றிலும் ஆறாத புண்ணாக அது தொடங்கும்.

சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

கிராமத்து நாய்களிடம் நிறையப் பார்க்கும் இன்னொரு புற்று இருக்கிறது. அறுத்த பிறகும் திரும்ப வந்துவிட்டது என்று நாயைக் கைவிடும் கதைகளில், காரணம் இதுவாகவும் இருக்கலாம். சோகம் என்னவென்றால், நாய்ப் புற்றுகளிலேயே மிக எளிதாகக் குணமாகக்கூடியது இதுதான்.

இது இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் புற்று. பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் போல முளைத்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். பெட்டை நாயாக இருந்தால் 'இன்னும் பருவம் முடியவில்லை போல' என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கு, வாய், தோல் என்று மற்ற இடங்களிலும் வரும்.

கிருமி தொற்றுவது தெரியும், புற்றே தொற்றுமா? தொற்றும். இங்கே ஒட்டிக்கொள்வது வைரஸோ பாக்டீரியாவோ அல்ல, புற்று செல்லே ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் குடிபோகிறது. 1876-ல் நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர், ஒரு நாயின் கட்டித் துண்டை இன்னொரு நாயில் ஒட்டி வளர வைத்துக் காட்டினார். 2006-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், இந்தியா உட்படப் பல நாடுகளின் நாய்களிடமிருந்து எடுத்த கட்டிகளைச் சோதித்தார்கள். அந்தக் கட்டிகளின் மரபணு, கட்டியைச் சுமந்த நாய்களின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை. மாறாக, கட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. அதாவது, எப்போதோ செத்துப்போன ஒரே ஒரு நாயின் செல்கள்தாம் உலகம் முழுக்க இன்றும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் 546 கட்டிகளை ஆராய்ந்து வெளியான கட்டுரை, அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு, அநேகமாக ஆசியாவில் வாழ்ந்திருக்கும் என்று கணித்தது.

இந்தக் கட்டியைக் கத்தியால் மட்டும் எடுத்தால் மீண்டும் வருவது வழக்கம். ஒட்டியிருக்கும் சில செல்களே போதும் அதற்கு. இதற்கான மருந்து வின்கிரிஸ்டின் என்ற ஊசி. வாரம் ஒரு முறை, பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். இரண்டாவது ஊசியிலேயே கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகிவிடுகின்றன.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பது விவசாயிகளுக்குச் சுவாரசியமான சங்கதி. வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணிதான் அதன் தாய்ச்செடி. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிய செடி. மனிதர்களின் ரத்தப் புற்றுக்கும் இதே மருந்துதான். 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இதை மருந்துப் பயிராகவே சாகுபடி செய்து வந்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் நித்தியகல்யாணி இலையை அரைத்து நாய்க்கு ஊட்டலாம் என்ற யோசனை வரும். செய்யவே கூடாது. மிகச் சிறிதளவு மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. அந்த இலையில் மற்ற நச்சுகளும் கலந்திருக்கின்றன. மருந்தாகச் சுத்திகரித்த ஊசியே விளையாட்டுப் பொருள் அல்ல. ரத்தக் குழாய்க்குள் ஏற்ற வேண்டியது, ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகும். வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் போடுவார்கள். ஊசி போட்ட சில நாள்களுக்கு நாயின் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம். சிகிச்சை முடியும்வரை நாயை மற்ற நாய்களோடு சேரவிடக்கூடாது. மனிதர்களுக்கு இந்தப் புற்று தொற்றாது.

ஊசி முனையில் கிடைக்கும் பதில்

ஆக, புதுக் கட்டி என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் முதல் பதிலுக்கு ஆபரேஷன் தேவையில்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில செல்களை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் வேண்டாம். கொழுப்புக் கட்டியா, சீழா, மாஸ்ட் செல்லா, தொற்றும் புற்றா என்பது இதிலேயே தெரிந்துவிடும். சில வகைகளுக்குத்தான் துண்டு வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

'ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்' என்று ஊரில் சொல்வார்கள். தோல் கட்டிகளில் ஊசிச் சோதனையால் பரவுவது மிக மிக அரிது. சோதிக்காமல் விட்டதால் பரவிய நாய்கள்தாம் அதிகம்.

சாதாரண நாய்க்கே, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் கட்டியை, அல்லது ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் கட்டியை ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது பொதுவான விதி. ஏற்கெனவே புற்று வந்த நாய்க்கு அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டியதில்லை. வேகமாக வளர்வது, மேலே புண்ணாகி ரத்தம் கசிவது, அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, கட்டியோடு சேர்ந்து நாய் இளைப்பது, இருமுவது, மூச்சு வாங்குவது, கால் தாங்குவது ஆகியவை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்.

வீட்டில் செய்ய வேண்டியது தடவிப் பார்ப்பது. அமாவாசை, பௌர்ணமி என்று கணக்கு வைத்துக்கொண்டால் 15 நாளுக்கு ஒரு முறை மறக்காது. மூக்கிலிருந்து வால் வரை, இரண்டு கையாலும், ரோமத்துக்கு எதிர்த் திசையில் தடவ வேண்டும். தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், அக்குள், தொடை இடுக்கு, பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மனிதருக்குக் காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டுவது போலத்தான் இதுவும். புற்று பரவும்போது பல வகைகளில் முதலில் தங்கும் இடம் இந்த நெறிதான். கட்டி தட்டுப்பட்டால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அதே நாணயத்தோடு எடுத்த படம், வளர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடும். 'அப்போ சுண்டைக்காய் அளவு இருந்துச்சு, இப்போ கொஞ்சம் பெருசு' என்று நினைவிலிருந்து சொல்வதைவிட டாக்டருக்கு இது எவ்வளவோ மேல்.

கட்டிக்கு மேல் சூடு போடுவது, குதிரை ரோமத்தால் இறுக்கிக் கட்டுவது, எருக்கம்பால், சுண்ணாம்பு தடவுவது எல்லாம் கட்டியைப் புண்ணாக்கும், புழு வைக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன், பாராசிட்டமால் மாத்திரைகளைக் கொடுப்பதும் ஆபத்து. நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் அவை கை வைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு வகைச் சிக்கல். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பரிசோதனையில் நோயே தெரியாமல் மறைந்துகொள்ளும்.

மலையிறங்கும் முன்

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுவதுதான் சரி. போவதற்கு வழியில்லாத மலைக் கிராமத்தினர் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடைத் துறையின் உதவியைக் கேட்கலாம். மேல் பரிசோதனை தேவைப்பட்டால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது சின்னசேலத்தைத் தாண்டி, சேலம் நெடுஞ்சாலையில் உள்ள தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி. அடுத்து, 1985-ல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய பழைமையான கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூன்றுமே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. புறப்படும் முன், அங்கே புற்று சிகிச்சைக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று உள்ளூர் டாக்டர் மூலமாகவே விசாரித்துக்கொண்டால், வீணாக ஒரு வண்டி வாடகை மிச்சம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பழைய ஆபரேஷன் சீட்டு, திசு பரிசோதனை அறிக்கை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை, கொடுத்துவரும் மருந்துகளின் பட்டையோ காலி பாட்டிலோ, போனில் எடுத்த படங்கள். முகக்கட்டு இல்லாவிட்டால் ஒரு நீளத் துணி. எவ்வளவு சாதுவான நாயும் புது இடத்தில், வலியில், கடிக்கும்.

ஒரு கட்டியை எடுத்த நாயை, முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் காட்டச் சொல்வது வழக்கம். கெட்ட வகையாக இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அடுத்த ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் முன் எடுக்க வேண்டிய படம் அது. நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருந்தால், தோலில் இருப்பதை அறுப்பதால் நாய்க்கும் வீட்டுக்கும் பலன் குறைவு.

அப்படிப் பரவியிருக்கும்போது வருவதுதான் கஷ்டமான கேள்வி. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஆட்டுத் தீவனம், நகைக்கடன் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு 10 வயது நாய்க்கு எவ்வளவு செலவழிக்கலாம்? இதற்கு வெளியாள் யாரும் பதில் சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. சிகிச்சை கொடுத்தால் எத்தனை மாதம், அந்த மாதங்கள் நாய்க்கு எப்படி இருக்கும், கொடுக்காவிட்டால் வலியை அடக்க என்ன வழி, மொத்தச் செலவு என்ன ஆகும். எங்களால் இவ்வளவுதான் முடியும் என்று சொல்வதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்தத் தொகைக்குள் செய்யக்கூடியதைச் சொல்லத்தான் டாக்டர் இருக்கிறார். முழுக் குணம் இல்லாவிட்டாலும், நாய்க்கென்றே உள்ள வலி மாத்திரையும் புண்ணுக்குக் கட்டும் கொடுத்து, சில மாதங்களை நிம்மதியாகக் கழிக்க வைக்க முடியும்.

சோறு தின்னாமல், எழுந்து போய்ச் சிறுநீர் கழிக்க முடியாமல், ராத்திரி முழுக்க முனகும் நிலை வந்துவிட்டால், மயக்க மருந்து கொடுத்து வலியில்லாமல் கண்மூட வைக்கக் கால்நடை மருத்துவரால் முடியும். காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும், பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைப்பதும் சட்டப்படி குற்றம். அந்தச் சோற்றைத் தின்று பக்கத்து வீட்டு நாயும், செத்த உடலைத் தின்று கழுகும் நரியும்கூடச் சாகும்.

ஆனால் ஊசிச் சோதனைகூடச் செய்யாமல் இந்தக் கடைசிப் பத்திக்கு யாரும் வந்துவிடக்கூடாது. பட்டி வாசலில் படுத்திருக்கும் நாயின் விலாவில் தட்டுப்பட்டது, பழைய உண்ணிக் கடியாகவோ, ஆறு வார ஊசியில் கரையும் கட்டியாகவோகூட இருக்கலாம்.